டின்னுக்கு ஒரு கூடு

உணவைத் தகர டின்னில் அடைத்துக் கெடாமல் வைக்கும் முறைக்கு இங்கிலாந்தில் பீட்டர் டூராண்ட் என்பவர் காப்புரிமை பெற்றது 1810 இல். அந்த டின்னைத் திறப்பதற்கென்றே ராபர்ட் யீட்ஸ் ஒரு கருவி செய்தது 1855 இல். இடையில் போன 45 ஆண்டும் உளி, சுத்தியல், துப்பாக்கிமுனைக் கத்தி என்று கையில் கிடைத்ததைக் கொண்டுதான் டின்னை உடைத்தார்கள். லண்டன் பெர்மாண்ட்சியில் பிரயன் டான்கினும் கூட்டாளிகளும் நடத்திய ஆலை 1813 இல் கப்பற்படைக்கு டின் இறைச்சி கொடுக்கத் தொடங்கியது. நடுக்கடலில் பசித்திருப்பவனுக்கு டின்னின் விளிம்பு எப்படி இருந்தால் என்ன?

அது வீட்டுக்குள் வந்தபோதுதான் அடுத்த சிக்கல் எழுந்தது. திறந்த டின்னை நாலு பேர் நடுவில் எப்படி வைப்பது? விளிம்பு விரலைக் கிழிக்கும். உள்ளே இருப்பது வழிந்து விரிப்பில் கறை படியும். விருந்தாளி முன்னால் வைக்க மனம் கூசும். அடைத்தவர் பெயரும் திறந்தவர் பெயரும் புத்தகங்களில் இருக்கின்றன. டின்னைப் பந்திக்கு ஏற்றதாக்கியவர்களை அநேகமாக யாரும் எழுதிவைக்கவில்லை. அப்படிப்பட்டவர்களில் ஒருவர், மணமேல்குடி கடைவீதியில் தகரப் பட்டறை வைத்திருந்த என் அத்தா. இன்னொருவர் என் அம்மா. அவர்கள் செய்ததை எழுதிவைக்க வேண்டும் என்பது எனக்குப் பல ஆண்டு ஆசை.

ஐரோப்பாவில் இந்தச் சிக்கலை முதலில் கொண்டுவந்தது மத்தி மீன். பிரான்சின் நாந்த் நகரில் ஜோசஃப் கோலன் 1824 இல் மத்தியை எண்ணெயில் இட்டு டின்னில் அடைக்கும் ஆலையைத் தொடங்கினார். விக்டோரியா ராணி காலத்தின் பின்பாதியில் அந்த மீன் ஆங்கிலேயர் வீடுகளில் மாலைத் தேநீரோடு வைக்கும் பண்டமாகிவிட்டது. ஸ்டாஃபோர்டுஷையர் மண்பாண்ட ஆலைகளான மின்டன், வெட்ஜ்வுட், ஜார்ஜ் ஜோன்ஸ் ஆகியவை அதற்கென்றே பளபளக்கும் வண்ண மெருகில் சார்டின் பெட்டிகளைச் செய்தன. நீள்சதுரப் பெட்டி, அடியில் ஒரு தட்டு, மூடியின் மேல் பிடியாக ஒரு மீன் படுத்திருக்கும். ஷெஃபீல்டு பட்டறைகள் கண்ணாடிப் பெட்டியை வெள்ளிமுலாம் பூசிய சட்டத்தில் உட்காரவைத்தன. அவற்றின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அடித்தட்டுதான் என் கண்ணில் படும். எண்ணெய் கசியும், கசிவது எங்காவது போய் நிற்க வேண்டும் என்று யோசித்த ஒரு கை அதைச் செய்திருக்கிறது. அழகுக்காக மட்டும் செய்தவர் மீனோடு நிறுத்தியிருப்பார்.

எங்கள் ஊரை வரலாற்றில் தேடினால் குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் என்று கிடைக்கும். நான் பிறந்தபோது இது தஞ்சாவூர் ஜில்லா. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தபோது அதில் சேர்ந்தோம். கிழக்கே பாக் நீரிணை. கட்டுமாவடியிலிருந்து மீமிசல் வரை கடலோரம் முழுக்க ஒரு கால் கரையிலும் ஒரு கால் அக்கரையிலும் வைத்து வாழ்ந்த ஊர்கள். ஆண்கள் அறந்தாங்கி போய் ரயிலேறி நாகப்பட்டினத்தில் கப்பல் பிடிப்பார்கள். 1926 இல் ஓடத் தொடங்கிய ‘ரஜூலா’ கப்பல் பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று கொண்டுபோய் இறக்கி, எழுபதுகளின் தொடக்கம்வரை திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது. போய் வருகிறவர்களைச் சபுராளி என்போம். சபுராளி வந்து இறங்கிய வீட்டில் டிரங்குப் பெட்டி திறக்கும் நேரத்தில் தெருப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் நிற்போம்.

பெட்டிக்குள் சேலை, சென்ட், தைலம் இவற்றின் அடியில் டின்கள் இருக்கும். இரண்டு வகை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒன்று சேவல் படம் போட்ட மீன் டின். அது 1892 இல் ஆல்ஃபிரெட் க்ளூயே என்ற பிரெஞ்சுக்காரர் சிங்கப்பூரில் தொடங்கிய ‘ஆயாம்’ நிறுவனத்தின் சரக்கு, தக்காளிக் குழம்பில் கிடக்கும் மத்தி. சூடையும் சாளையும் கரையில் குவியும் ஊருக்கு மத்தி மீன் கப்பலேறி வந்தது. அதைப் பெரியவர்கள் வியந்து பார்த்தார்கள், ஆனால் விரும்பிச் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. இன்னொன்று, தலையில் வாளி சுமந்த பெண் படம் போட்ட பால் டின். அதற்குத்தான் மவுசு.

அந்தப் பாலின் பூர்விகம் சுவிட்சர்லாந்து. 1866 இல் சாம் என்ற ஊரில் பேஜ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் ஆங்கிலோ-சுவிஸ் கண்டென்ஸ்டு மில்க் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1905 இல் அது நெஸ்லேயோடு இணைந்தது. 1912 இல் பினாங்கிலும் கால் வைத்தது, இந்தியாவிலும் இறக்குமதி வியாபாரம் தொடங்கியது. பஞ்சாபின் மோகாவில் இந்திய ஆலை வந்தது 1961 இல். ஆகவே மணமேல்குடியில் நான் சிறுமியாக இருந்தபோது பால் டின் என்றால் அது அநேகமாகக் கடல் கடந்து வந்தது. ஊரில் கறவை மாடுகள் இருந்தன. இருந்தாலும் பினாங்கில் பத்து வருஷம் டின் பால் தேத்தண்ணி குடித்த நாக்குக்கு மாட்டுப்பால் தேத்தண்ணி சப்பென்றுதான் இருக்கும். அதோடு, மாப்பிள்ளை விருந்தில் டின் பால் வைப்பது குடும்பத்தின் கௌரவம்.

அத்தாவின் பட்டறையைச் சொன்னால்தான் மீதி விளங்கும். முன்பக்கம் திறந்த ஒரு கீற்றுக் கொட்டகை. தரையில் புதைத்த கட்டையின் மேல் தண்டவாளத் துண்டு, அதுதான் பட்டறைக்கல். தகரம் வெட்டும் கத்தரி, வட்டம் கீறும் கவராயம், கொட்டாப்புளி, சுத்தியல், கரி அடுப்பு, கைத்துருத்தி. அடுப்பில் எப்போதும் செம்புத்தலை வைத்த இரண்டு சூட்டுக்கோல்கள் மாறி மாறிக் காயும். பற்றவைக்க வெள்ளீயமும் காரீயமும் கலந்த குச்சி. சூட்டுக்கோலின் தலையை நவச்சாரக் கட்டியில் தேய்த்தால் வெள்ளைப் புகை எழும், தலை பளிச்சென்று ஆகும். ஆசிட்டில் துத்தநாகத் துண்டைப் போட்டு, பொங்கி அடங்கிய நீரை ஒரு கோழி இறகால் தகரத்தில் தடவுவார். அதன் மேல் ஈயம் வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடிப் பிடிக்கும். அந்த நீரைத் தயாரிக்கும்போது மட்டும் என்னைக் கிட்டே விடமாட்டார். துருத்தி ஊதுவது என் வேலை.

காடா விளக்கு, புனல், பூவாளி, சல்லடை, தகர முறம், உண்டியல், மீன் கூடைக்கு அடித்தகடு என்று ஊருக்கு வேண்டிய எல்லாமே அங்கே உருவாகின. மூலப்பொருள் ஒன்றுதான், மண்ணெண்ணெய் டின். நாலு காலன் பிடிக்கும் சதுர டின். நாலு பக்கமும் ஒன்பது அங்குலத்துக்குச் சற்று மேல் அகலம், பதினாலு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த உயரம். மண்ணெண்ணெய் தீர்ந்ததும் வீட்டுக்காரர்கள் தண்ணீர் தூக்க இரண்டை வைத்துக்கொண்டு மீதியைப் பட்டறைக்குக் கொடுப்பார்கள்.

அந்த டின்னுக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. இந்தியாவில் தகரத் தகடு செய்ய முதலில் ஆர்வம் காட்டியதில் பர்மா ஆயில் கம்பெனிக்குப் பெரும் பங்கு உண்டு. மண்ணெண்ணெய் விற்க டின் வேண்டும், டின்னுக்குத் தகடு வேண்டும். அதுவரை தகடு வந்தது வேல்ஸ் நாட்டிலிருந்து, லனெல்லி சுற்றுவட்டார ஆலைகளிலிருந்து. 1920 இல் பர்மா ஆயிலும் டாடா இரும்பு ஆலையும் சேர்ந்து ஜாம்ஷெட்பூரை ஒட்டிய கோல்முரியில் டின்பிளேட் கம்பெனியை நிறுவின. 1922 இறுதியில் உற்பத்தி தொடங்கியது. 1929 இல் அங்கே தொழிலாளர்கள் நடத்திய நீண்ட வேலைநிறுத்தத்துக்கு சுபாஷ் சந்திர போஸ் துணைநின்றார். அத்தாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் சீமைத் தகடுக்கும் ஊர்த் தகடுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கத்தரியின் சத்தத்தை வைத்தே சொல்வார்.

நான் பின்னால் கணக்கு டீச்சர் ஆனேன். வட்டத்தின் சுற்றளவைக் கரும்பலகையில் எழுதிய ஒவ்வொரு முறையும் பட்டறைதான் மனசுக்குள் வரும். குறுக்களவைப் போல மூன்று மடங்கு, அதோடு குறுக்களவில் ஏழில் ஒரு பங்கு, அதற்கு மேல் மடிப்புக்கு மூன்று நூல். இதுதான் அத்தாவின் வாய்ப்பாடு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். மடிப்பு ஒரு நூல் அகலம் இருந்தால் தகடு மூன்று அடுக்கு கூடுதலாக மடியும், ஆகவே மூன்று நூல் விட வேண்டும். ஒரு கோடு கூடக் காகிதத்தில் போடாமல் அவர் இதைச் செய்வார். இருபத்திரண்டின் கீழ் ஏழு என்று பள்ளியில் படித்துவிட்டு வந்து சொன்னபோது, “அதத்தானே நானும் சொல்றேன்” என்றார்.

அறுபதுகளின் நடுவில், ஒரு நோன்புப் பெருநாளை ஒட்டி, பினாங்கிலிருந்து வந்திருந்த ஒரு சபுராளி பட்டறைக்கு வந்தார். மகளுக்கு நிக்காஹ் முடிந்திருந்தது. கையில் பால் டின்.

“காக்கா, இதை அப்படியே வச்சா மாப்பிள்ளை வீட்டுக்காரவுக என்ன நெனைப்பாக? ஒழுகுது, எறும்பு மொய்க்குது. பாக்கவும் லட்சணமா இல்ல. மேல ஏதாச்சும் போட்டுக் குடுங்க.”

எங்கள் பக்கம் விருந்து தரையில் பாய் விரித்துத்தான், சகன் என்ற ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து. மேசை கிடையாது. ஆனால் சிக்கல் விக்டோரியா காலத்து மேசையில் இருந்த அதே சிக்கல்தான், எறும்பு மட்டும் கூடுதல். டின்னைக் காலி செய்து கண்ணாடிக் குவளையில் ஊற்றலாமே என்று கேட்கலாம். ஊற்றினால் குவளையில் பாதி ஒட்டிக்கொள்ளும். அதைவிட, டின்னிலிருந்து ஊற்றினால்தான் அது டின் பால் என்று விருந்தாளிக்குத் தெரியும்.

அத்தா டின்னைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தார். மூன்று அங்குலக் குறுக்கு, மூன்றேகால் உயரம். அதைவிட ஒரு நூல் பெரிதாக ஒரு குழாய் செய்து அடித்தகடு வைத்தார். மேல்விளிம்பில் கம்பியை வைத்துத் தகட்டை அதன் மேல் சுருட்டினார், கை கிழியாது. பக்கத்தில் ஒரு பிடி. மேலே மூடி, மூடிக்குக் குமிழ். சாய்க்கும்போது டின் வெளியே விழாமல் இருக்க, விளிம்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு சின்ன நாக்குகளைப் பற்றவைத்து உள்பக்கம் மடித்தார். டின்னின் மேல்தகட்டில் ஆணியால் எதிரெதிரே இரண்டு ஓட்டை, ஒன்று பால் வர, மற்றது காற்றுப் போக. மூடியை எடுத்துச் சாய்த்தால் நூலாகப் பால் இறங்கும்.

விருந்து முடிந்த கையோடு அது திரும்பி வந்தது. உள்ளே டின் காலி, ஆனால் வெளியே வரவில்லை. வழிந்த பால் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, டின்னும் கூடும் ஒன்றாகிவிட்டன. தட்டினார்கள், கவிழ்த்து உதறினார்கள், வெந்நீரில் போட்டார்கள். வந்தவருக்கு வருத்தம்தான், கோபம் இல்லை. அத்தா சாப்பிட வீட்டுக்கு வந்தபோதும் அதைக் கையோடு கொண்டுவந்து எதிரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா அடுப்படியில் இருந்தபடி சொன்னது: “அடியிலேர்ந்து தள்ளுனா வந்துரும்ல. புட்டை என்ன குலுக்கியா எடுக்குறோம்?”

புட்டுக்குழலைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். குழலின் அடியில் ஓட்டை போட்ட ஒரு சில்லு. வெந்ததும் பின்னாலிருந்து ஒரு குச்சியால் சில்லைத் தள்ளினால் புட்டு உடையாமல் முழுசாக வெளியே வரும். மாவை இறுக்கமாக வைத்திருக்கும் குழல்தான் அதை விடவும் வேண்டும் என்ற சிக்கலை, எந்தக் காலத்திலோ யாரோ ஒரு பெண்ணோ ஆணோ தீர்த்துவைத்தது அது. அம்மா அந்தத் தீர்வைப் பால் டின்னுக்கு நகர்த்திவிட்டார். அன்று பின்னேரமே அத்தா அடித்தகட்டின் நடுவில் பெருவிரல் நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி, வெட்டிய விளிம்பை மடித்துவிட்டார்.

ஓட்டை வந்ததும் வேறு சிக்கல் வந்தது. அதன் வழியாக எறும்பு ஏறியது. அதற்கு அத்தா கண்ட வழி, கூட்டுக்கு மூன்று கால் வைத்து, ஒரு கிண்ணித்தட்டில் தண்ணீர் ஊற்றி அதற்குள் நிறுத்துவது. கால் வைத்ததால் அடியில் விரல் நுழையவும் இடம் கிடைத்தது. ஒழுகும் பாலும் தட்டோடு நின்றது. இந்தக் கடைசி வடிவத்துக்கு ஊரில் டின் கூடு என்று பெயராகி, கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கமிருந்தெல்லாம் கேட்டு வந்தார்கள். சபுராளி வீட்டுப் பெண்கள் பெண்ணுக்குக் கொடுக்கும் சீரில் டின் கூட்டையும் சேர்த்த காலம் ஒன்று இருந்தது.

டின் என்று நாம் சொல்வது உண்மையில் இரும்புத் தகடு. அதன் மேல் மெல்லிசாக வெள்ளீயம் படிந்திருக்கும், அவ்வளவுதான். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவர் செய்வதும் இதையேதான். புளிப்பு உலோகத்தைத் தொடாமல் நடுவில் வெள்ளீயத்தை நிறுத்துவது. கும்பகோணம் ஈயச்சொம்பில் ரசம் வைப்பவர்களுக்கு இந்த உலோகத்தின் குணம் தெரியும். 232 டிகிரியில் உருகிவிடும், ஆகவே தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் ஏற்றக்கூடாது.

அந்த வெள்ளீயம் உலகத்துக்குப் பெருமளவு வந்தது மலாயாவிலிருந்து, பேராக் மாநிலத்தின் லாருட், கிந்தா பள்ளத்தாக்குகளிலிருந்து. மலாயாவின் முதல் ரயில் 1885 இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடியதே ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகத்தான். பாதை போட இலங்கையிலிருந்து தொழிலாளர்கள் அழைத்துவரப்பட்டார்கள். சிங்கப்பூரின் புலாவ் பிரானியில் உருக்கிய ஈயம் வேல்ஸுக்குப் போய்த் தகட்டில் ஏறி, மண்ணெண்ணெய் டின்னாகவும் பால் டின்னாகவும் மறுபடி கிழக்கே திரும்பியது. எங்கள் சபுராளிகள் அந்த ஈயம் தோண்டும் நாட்டுக்குப் போய்க் கடை வைத்தார்கள், தோட்டத்தில் வேலை பார்த்தார்கள், டின்னோடு வீடு வந்தார்கள். அத்தா நாட்டை விட்டு எங்கும் போனதில்லை. ஆனால் மலாயாவின் மண்ணை அவர் ஆயுள் முழுக்கச் சூட்டுக்கோலால் தொட்டுக்கொண்டிருந்தார் என்று நான் நினைப்பதுண்டு.

ஓய்வு பெற்றபின் தம்பி மகளைப் பார்க்கப் பினாங்கு போயிருந்தேன். ஜார்ஜ் டவுனில் பழம்பொருள் கடை ஒன்றில் பீங்கான் ஜாடி ஒன்று இருந்தது. உருளை வடிவம், மூடி, இரண்டு பக்கமும் காது, அடியில் பொருத்தமான ஒரு தட்டு. பூ வேலை, ஓரத்தில் பொன் கோடு. சர்க்கரை ஜாடி என்று நினைத்து எடுத்தேன். அடியில் வட்டமாக ஓர் ஓட்டை. சர்க்கரை வைக்கிற ஜாடிக்கு எதற்கு ஓட்டை? என் பெருவிரல் தானாக அதற்குள் போனது. கடைக்காரர் விளக்குவதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. பால் டின்னை உள்ளே வைக்கும் ஜாடி அது. காலியானதும் அடியிலிருந்து விரலால் தள்ளி எடுக்க வேண்டியதுதான். அந்த ஓட்டையை மறைக்கவும் வழிவதை வாங்கவும் அடித்தட்டு. அதன் மேல் ‘நிப்பான்’ முத்திரை இருந்தது. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான ஜப்பான் பீங்கான்களில் 1891 முதல் 1921 வரை இருந்த முத்திரை. 1904 இல் நகோயாவை ஒட்டிய நோரிடாகேயில் தொடங்கிய ஆலையும் வேறு சிலவும் இப்படிப்பட்ட பால் டின் ஜாடிகளை அமெரிக்க வீடுகளுக்காகச் செய்து அனுப்பியிருக்கின்றன.

அந்த ஜாடிகள் அத்தாவின் கூட்டுக்கு அரை நூற்றாண்டு மூத்தவை. அவற்றைப் பார்க்கும் வாய்ப்பு அத்தாவுக்கோ அம்மாவுக்கோ இருந்ததில்லை. அந்தச் சபுராளி பினாங்கில் பார்த்திருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பார், கூடு அவரிடம் மாட்டிக்கொண்டு திரும்பியும் வந்திருக்காது. நகோயாவில் பீங்கான் ஓவியம் தீட்டும் ஆலையில் யாரோ யோசித்ததை, மணமேல்குடியில் புட்டு அவித்துக்கொண்டிருந்த பெண் தானாக யோசித்தார். நான் இதை எழுத உட்கார்ந்த காரணம் இதுதான். கண்டுபிடிப்பு என்றாலே காப்புரிமைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். வகுப்பில் ஒரு நாளாவது அம்மாவைச் சொல்லியிருக்கலாம்.

டின்னைக் கூட்டுக்குள் வைத்தவர்களைவிட, டின்னையே பாத்திரமாக்கியவர்கள் அதிகம். மலாயாவின் காப்பிக் கடைகளில் பால் டின்னின் மூடியை முழுக்க வெட்டாமல் ஒரு பக்கம் ஒட்டவிட்டு, கயிறு கோத்து, அதிலே காப்பியை ஊற்றி வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். பிளாஸ்டிக் பை வரும்வரை அதுதான் வழக்கம். பர்மாவில் அரிசி அளக்கவே பால் டின்தான், எட்டு டின் ஒரு ‘பியி’. எங்கள் ஊரில் பள்ளிவாசல் நோன்புக்கஞ்சி வாங்க அஸர் தொழுகைக்குப் பின் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் கையில், தூக்குவாளி இல்லாத வீட்டுக்காரர்களுக்குக் கம்பிப் பிடி போட்ட டின் இருக்கும். அத்தா நோன்பு மாதத்தில் அந்தப் பிடிக்குக் காசு வாங்கமாட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அத்தா கடுமையாக இருப்பார். அவர் பற்றவைத்த எந்தப் பாத்திரத்திலும் புளி, மோர், எலுமிச்சைச் சாறு ஊற்றக்கூடாது. “காரீயம் கெட்ட சாமான், புளிப்புல கரையும்” என்பார். இதே காரீயம்தான் பழைய உணவு டின்களையும் மூடியது. 1845 இல் வடதுருவக் கடலில் வழி தேடிப் போன ஜான் ஃபிராங்க்ளின் குழுவில் 129 பேர் திரும்பவே இல்லை. பின்னாளில் அவர்களுடைய எலும்புகளில் காரீயம் கண்டபோது டின்னின் பற்றுவைப்பைக் காரணம் சொன்னார்கள். அது மட்டுமே காரணம் அல்ல என்பது பிந்தைய ஆய்வாளர்கள் கருத்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளிம்பை இரட்டையாக மடித்துப் பற்றுவைப்பு இல்லாமல் மூடும் முறை பரவியது. அமெரிக்கா காரீயப் பற்று டின்களை முற்றாகத் தடை செய்தது 1995 இல்.

எழுபதுகளில் பட்டறைக்கு வேலை குறையத் தொடங்கியது. பிளாஸ்டிக் குடமும் பிளாஸ்டிக் புனலும் சந்தைக்கு வந்தன. மின்சாரம் தெருவுக்கு வந்ததும் காடா விளக்குக்குத் திருவிழாக் கடை தவிர இடமில்லை. எவர்சில்வர் மலிந்ததும் தகரப் பாத்திரம் ஏழ்மையின் அடையாளமாகத் தெரிந்தது. ரஜூலாவுக்குப் பின் ஓடிய ‘எம்.வி. சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. அதோடு சென்னைக்கும் மலேசியாவுக்கும் இடையிலான பயணக் கப்பல் போக்குவரத்தும் முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சர்வதேச வெள்ளீயக் கவுன்சில் கடன் கட்ட முடியாமல் கைவிரித்தது, ஈய விலை சரிந்தது, கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் மூடின. எங்கள் பட்டறை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அடங்கிவிட்டிருந்தது. அத்தா கடைசிக் காலத்தில் ஓட்டை விழுந்த வாளிக்கு அடி மாற்றிக்கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

திருக்கோகர்ணத்தில் இருக்கும் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் 1910 இல் தொடங்கியது. செப்புத் திருமேனியும் பழைய ஆயுதமும் இருக்கிற இடத்தில் நம் மாவட்டத்துத் தகரப் பட்டறைச் சாமான்களுக்கும் ஓர் அலமாரி வேண்டும் என்பது என் விருப்பம். என்னிடம் டின் கூடு ஒன்று இருக்கிறது. மூடி இல்லை, ஒரு கால் உடைந்தது. கேட்டால் கொடுத்துவிடுவேன். கடலோர ஊர்களில் பரண் மேல் இன்னும் நல்ல நிலையில் இருக்கலாம். இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள்.

தகர வேலை தெரிந்தவர் யாரேனும் செய்துபார்க்க விரும்பினால் அத்தாவின் கணக்கு இது. பால் டின்னின் குறுக்களவு மூன்று அங்குலம், கூட்டுக்கு அதைவிட ஒரு நூல் கூட. சுற்றுக்கு ஒன்பது அங்குலமும் ஆறரை நூலும் வரும். மடிப்புக்கு மூன்று நூல் சேர்த்தால் பத்தேகாலுக்கு ஒரு மயிரிழை குறைவு. சதுர டின்னின் அகலம் அதற்குப் போதாது, ஆகவே தகட்டை உயரவாக்கில் வெட்ட வேண்டும். உயரம் நாலு அங்குலம், இதில் கம்பிச் சுருட்டுக்கும் அடிமடிப்புக்கும் போனது போக டின் முழுசாக மறையும். ஒரு பக்கத் தகட்டில் இரண்டு உடம்பு, மிச்சத் துண்டில் பிடி. ஒரு டின்னுக்கு எட்டுக் கூடு. கால் மூன்று போதும், நாலு வைத்தால் மேடுபள்ளமான தரையில் ஆடும். அடி ஓட்டையின் விளிம்பை உள்பக்கமாக மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தள்ளுகிற விரல் கிழியும்.